சிறையிலிருந்து வரும் அழைப்பு: குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டியவை

எங்கள் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் ஓர் அக்கா குடியிருந்தார். தெரியாத எண்ணிலிருந்து வரும் எந்த அழைப்பையும் அவர் விடமாட்டார். கடன் அட்டை விற்பவர், காப்புறுதி முகவர், எண்ணைத் தவறாக அழுத்தியவர் என்று யாராக இருந்தாலும் இரண்டாவது மணியிலேயே எடுத்து, "ஹலோ" சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். நாங்கள் அதைக் கேலி செய்திருக்கிறோம். அவருடைய தம்பி சிறையில் இருந்தார் என்பது எங்களுக்குத் தெரிய இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அதுவரை தம்பிக்குக் கப்பலில் வேலை என்றுதான் மாடி முழுவதும் நம்பிக்கொண்டிருந்தது.

நம் சமூகத்தில் இப்படிப்பட்ட அழைப்புக்காகக் காத்திருக்கும் வீடுகள் குறைவில்லை. அதைப் பற்றி வெளியே பேசும் வீடுகள்தாம் குறைவு. பேசாததால் சின்னச் சின்ன விவரங்கள்கூட ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேருவதில்லை. ஒவ்வொரு குடும்பமும் முதல் நாளிலிருந்து தானே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொள்கிறது. அந்த விவரங்களை ஓரிடத்தில் சேர்த்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் அழைப்பு சிறையிலிருந்து வருவதில்லை

பெரும்பாலான குடும்பங்களுக்கு முதல் அழைப்பு போலீஸ் நிலையத்திலிருந்துதான் வருகிறது. அதுவும் நள்ளிரவில், அரை நிமிடமே நீடிக்கும் அழைப்பாக இருக்கலாம். அந்த அழைப்புக்குச் சட்டத்தில் இடம் உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவின்படி, கைது செய்யப்பட்டவரை விசாரிக்கத் தொடங்கும் முன்பே, தாம் இருக்கும் இடத்தை உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்கலாம் என்பதையும், தாம் விரும்பும் வழக்கறிஞரைத் தொடர்புகொண்டு ஆலோசனை பெறலாம் என்பதையும் போலீஸ் அதிகாரி அவரிடம் சொல்ல வேண்டும். அப்படித் தொடர்புகொள்ள அவர் விரும்பினால், கூடிய விரைவில் அதற்கு வழிசெய்யவும் வேண்டும்.

விதிவிலக்கும் அதே பிரிவிலேயே இருக்கிறது. கூட்டாளி தப்பி ஓடுவார், சாட்சியப் பொருள் மறைக்கப்படும், அல்லது மற்றவர்களின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று நம்பக் காரணம் இருந்தால் அந்த அழைப்பு மறுக்கப்படலாம். ஆனால் அதற்குத் துணை சூப்பரின்டென்டன், அதாவது டிஎஸ்பி பதவிக்குக் குறையாத அதிகாரியின் அனுமதி வேண்டும். எனவே "ஒரு போன்கூட பண்ண விடல" என்று பின்னால் தெரியவந்தால், அது யாருடைய அனுமதியின் பேரில் நடந்தது என்று வழக்கறிஞர் கேட்கலாம்.

அந்த அரை நிமிடத்தில் அழுகையும் திட்டும்தான் முதலில் வாயில் வரும். அது இயல்புதான். ஆனால் எந்த நிலையம், எந்தக் குற்றப்பிரிவு, விசாரணை அதிகாரியின் பெயர் என்ன, எத்தனை மணிக்குப் பிடித்தார்கள் ஆகிய நான்கும் கிடைத்துவிட்டால் மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீரிழிவு, இழுப்பு, வலிப்பு போன்ற நோய் உள்ளவராக இருந்தால் மருந்து விவரத்தை அந்த அதிகாரியிடம் சேர்க்கச் சொல்லுங்கள். கைதான நேரத்தைக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதி சொல்கிறது. அந்த மணிக்கணக்கு கைதான நேரத்திலிருந்துதான் ஓடுகிறது.

மாஜிஸ்திரேட் தரும் தடுப்புக் காவலுக்கும் வரம்பு உண்டு. 14 ஆண்டுகளுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றமென்றால் முதல் முறை அதிகபட்சம் 4 நாள், இரண்டாம் முறை 3 நாள். 14 ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத்தண்டனைக்கோ மரண தண்டனைக்கோ உரிய குற்றமென்றால் முதல் முறை 7 நாள், இரண்டாம் முறை 7 நாள். சொஸ்மா சட்டத்தின்கீழ் பிடிபட்டவர்களுக்குக் கணக்கே வேறு. விசாரணைக் காவல் 28 நாள் வரை நீளலாம். வழக்கறிஞரைப் பார்ப்பதை 48 மணி நேரம் வரை தள்ளிவைக்கலாம். ஆனால் அச்சட்டத்தின்கீழும் நெருங்கிய உறவினருக்கு உடனே தகவல் தெரிவித்தாக வேண்டும். தள்ளிவைக்க முடிவது வழக்கறிஞர் சந்திப்பை மட்டுமே. வீட்டுக்குச் சொல்வதைத் தள்ளிவைக்க இடமில்லை.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று கையைப் பிசைந்துகொண்டு முதல் நாளை வீணாக்கும் குடும்பங்கள் அதிகம். தேசிய சட்ட உதவி அறவாரியம், கைது மற்றும் ரிமாண்ட் கட்டங்களில் மலேசியக் குடிமக்களுக்கு இலவசமாக வழக்கறிஞரை ஏற்பாடு செய்கிறது. இதைக் கைதானவரே நிலையத்தில் கேட்கலாம், குடும்பத்தாரும் கேட்கலாம்.

சிறைத் தொலைபேசி எப்படி இயங்குகிறது

தண்டனை விதிக்கப்பட்டு அவர் காஜாங்குக்கோ சுங்கை பூலோவுக்கோ தைப்பிங்குக்கோ சிம்பாங் ரெங்கத்துக்கோ போன பிறகு நிலைமை மாறுகிறது. நம் நாட்டுச் சிறைகளில் குடும்பத்தோடு தொடர்புகொள்ள நேரில் சந்திப்பதும் கடிதமுமே அடிப்படை வழிகள். தொலைபேசி என்பது சிறை நிர்வாகத்தின் அனுமதிக்கு உட்பட்ட வசதி. எனவே முதல் சந்திப்புக்குப் போகும்போதே முகப்பில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இவர் இருக்கும் பிரிவுக்கு அழைப்பு வசதி உண்டா, எந்த எண்களைப் பதிய வேண்டும், யார் பெயரில் பதிய வேண்டும், அதற்கு உறவுமுறைச் சான்று தேவையா என்பவை அந்தக் கேள்விகள். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களைக் கையில் வைத்திருந்தால் ஒரு பயணம் மிச்சமாகும்.

உலகெங்கும் சிறைத் தொலைபேசியின் அடிப்படை அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். அழைப்பு ஒரு திசையில் மட்டுமே வரும். உள்ளே இருப்பவர் வெளியே அழைக்கலாம், வெளியே இருப்பவர் உள்ளே அழைக்க முடியாது. தவறவிட்ட அழைப்பைத் திருப்பி அழைத்தால் மணி அடிக்காது. அடித்தாலும் யாரும் எடுக்கமாட்டார்கள். இங்கிலாந்தில் ஒவ்வொரு கைதிக்கும் ஒரு ரகசிய எண் உண்டு. அதை அழுத்தினால்தான் இணைப்பு கிடைக்கும். அப்போதும் முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற எண்களுக்கு மட்டுமே பேச முடியும். அங்கே பல சிறைகளில் இப்போது அறைக்குள்ளேயே தொலைபேசி வைத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கூட்டரசுச் சிறைகளில் ஓர் அழைப்புக்கு 15 நிமிடம், மாதத்துக்கு மொத்தம் 300 நிமிடம் என்பது பொதுவான வரம்பு. நேரம் முடிந்ததும் இணைப்பு தானாகத் துண்டிக்கப்படும், பாதி வாக்கியத்தில் இருந்தாலும் சரி.

இந்த அமைப்பு குடும்பத்தின் அன்றாடத்தைச் சில இடங்களில் வந்து தொடுகிறது. முதலாவது, எண். பதிந்த எண் மாறினால் புதிய எண்ணுக்கு மறுபடியும் ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்கு நாள்கள் பிடிக்கும். ப்ரீபெய்ட் எண்ணுக்கு டாப்-அப் போட மறந்து, கெடு முடிந்து எண்ணே போய்விட்டால், உள்ளே இருப்பவருக்கு அது தெரிய வழியில்லை. அழைத்துப் பார்ப்பார், எண் பயன்பாட்டில் இல்லை என்று வரும். வீட்டில் என்ன ஆனதோ என்று அந்த வாரம் முழுக்க அவர் பதறிக்கொண்டிருப்பார். பதிந்த எண்ணை உயிரோடு வைத்திருப்பது பத்து வெள்ளி, இருபது வெள்ளி செலவுதான். அதை யாராவது ஒருவர் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கைப்பேசியின் அமைப்பு. மோசடி அழைப்புகளுக்கு அஞ்சி, தெரியாத எண்களைத் தானாகத் தடுக்கும் வசதியை இப்போது பலரும் போட்டு வைத்திருக்கிறோம். சிறையிலிருந்து வரும் அழைப்பு எண் மறைக்கப்பட்டோ, ஒவ்வொரு முறையும் வேறு எண்ணாகவோ வரலாம். அந்தத் தடுப்பு வசதி இதையும் சேர்த்தே தடுத்துவிடும். அம்மா கையில் இருக்கும் கைப்பேசியில் அந்த வசதியைப் போட்டுக் கொடுத்தது வீட்டுப் பிள்ளையாகத்தான் இருக்கும். ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

கேட்கும் மூன்றாவது காது

சிறை அழைப்புகள் பதிவு செய்யப்படலாம் என்பதை எல்லாக் குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் அழைப்பை எடுத்ததும் முதலில் ஒலிப்பது மனிதக் குரல் அன்று, பதிவு செய்த அறிவிப்பு. இது சிறையிலிருந்து வரும் அழைப்பு, இது கண்காணிக்கப்படலாம், ஏற்க விரும்பினால் இந்த எண்ணை அழுத்தவும் என்று அது சொல்லும். வயதானவர்கள் சிலர் அதை விளம்பரம் என்று நினைத்து வைத்துவிடுவதும் நடக்கிறது.

வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தால், அல்லது மேல்முறையீடு நிலுவையில் இருந்தால், தொலைபேசியில் வழக்கைப் பற்றிப் பேசவே கூடாது. யார் கூட இருந்தது, எங்கே இருந்தது, யாரிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறோம் என்பதெல்லாம் வேண்டாம். சாட்சியைப் பற்றி ஆத்திரத்தில் சொல்லும் ஒரு வார்த்தைகூட மிரட்டலாகப் பொருள்கொள்ளப்படலாம். அமெரிக்க நீதிமன்றங்களில் சிறை அழைப்புப் பதிவுகளை அரசுத் தரப்பு சாட்சியமாக வைப்பது வழக்கமான ஒன்று. சங்கேதமாகப் பேசினால் தப்பிக்கலாம் என்பது அதைவிட மோசமான யோசனை. சாதாரணப் பேச்சாகக் கடந்துபோயிருக்க வேண்டியது, சங்கேதத்தால் சந்தேகத்துக்குரியதாகிவிடும்.

வழக்கறிஞரோடு நடக்கும் பேச்சு ரகசியமானது. அதற்குத் தனி ஏற்பாடு உண்டு. ஆனால் வீட்டுக்கு வந்த அழைப்பில் வழக்கறிஞரையும் மூன்றாவது ஆளாக இணைத்துப் பேசினால் அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. மூவர் இணைப்பு பெரும்பாலான சிறை அமைப்புகளில் தடை செய்யப்பட்ட ஒன்று. அழைப்பு துண்டிக்கப்படும், கைதி ஒழுங்கு நடவடிக்கைக்கும் ஆளாகலாம். "பெரியம்மா லைன்ல இருக்காங்க, பேசு" என்று பாசத்தில் செய்வதற்கும் இதே விளைவுதான். பெரியம்மா பேச விரும்பினால் அவரை வீட்டுக்கு வரச் சொல்லிக் கைப்பேசியைக் கையில் கொடுப்பதே வழி.

மார்த்தா ரைட்டின் தொலைபேசிக் கட்டணம்

இவ்வளவு சிறிய வசதிக்குப் பின்னால் எவ்வளவு பெரிய போராட்டம் இருக்க முடியும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வரலாறு உண்டு. நம் பக்கத்தில் இது அதிகம் பேசப்பட்டதில்லை. அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவில் சிறை அழைப்புகளுக்கான கட்டணத்தை நீண்ட காலம் பெரும்பாலும் வெளியே இருந்தவர்களே கட்டிவந்தார்கள். அழைப்பை ஏற்பவர் கணக்கில் பணம் கழியும் முறை அது. சிறைக்குத் தொலைபேசிச் சேவை தரும் நிறுவனம், அந்த ஒப்பந்தத்தைப் பெறுவதற்காக வருவாயில் ஒரு பங்கைச் சிறை நிர்வாகத்துக்கே கொடுக்கும். எனவே யார் குறைந்த கட்டணத்தில் சேவை தருகிறார் என்பதைவிட, யார் அதிகப் பங்கு தருகிறார் என்பதே ஒப்பந்தத்தைத் தீர்மானித்தது. வேறு நிறுவனத்துக்கு மாறக் குடும்பத்தால் முடியாது. பேசாமல் இருக்கவும் முடியாது. காலப்போக்கில் செக்யூரஸ், குளோபல் டெல் லிங்க் (இப்போது வயாபாத்) என்ற இரு நிறுவனங்களின் கையில் இந்தச் சந்தையின் பெரும்பகுதி சேர்ந்தது.

வாஷிங்டன் டி.சி.யைச் சேர்ந்த மார்த்தா ரைட் ஓய்வுபெற்ற தாதி, கண்பார்வை இழந்தவர். அவருடைய பேரன் தொலைவிலிருந்த சிறைகளில் அடைக்கப்பட்டிருந்தார். அவ்வளவு தூரம் பயணம் செய்ய மூதாட்டியால் முடியாது. கடிதத்தைப் படிக்கவும் எழுதவும் கண்பார்வை இல்லை. எஞ்சியது தொலைபேசி மட்டுமே. அதற்கான கட்டணம் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. 2000-இல் அவரும் வேறு சில குடும்பத்தாரும் வழக்குத் தொடுத்தார்கள். இது கூட்டரசுத் தகவல் தொடர்பு ஆணையம் தீர்க்க வேண்டிய விஷயம் என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. 2003-இல் ஆணையத்திடம் மனு கொடுத்தார்கள்.

பத்து ஆண்டுகள் கழித்து, 2013-இல்தான் ஆணையம் முதல் முறையாக உச்சவரம்பு விதித்தது. மாநிலம் கடந்து செல்லும் அழைப்புக்கு, முன்பணம் கட்டிய கணக்கென்றால் நிமிடத்துக்கு 21 சென்ட். ஏற்பவர் கட்டும் அழைப்பென்றால் 25 சென்ட். ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் அழைப்புகளுக்கும் 2015-இல் வரம்பு கொண்டுவந்தார்கள். நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. அதற்கு ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2017-இல் தீர்ப்பு வந்தது. மார்த்தா ரைட் 2015 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். அவர் பெயரைத் தாங்கிய சட்டம் 2023 ஜனவரியில் கையெழுத்தாகி, ஆணையத்துக்கு அந்த அதிகாரத்தைத் தந்தது. அதன்படி 2024-இல் சிறைகளுக்கும் பெரிய தடுப்பு நிலையங்களுக்கும் நிமிடத்துக்கு 6 சென்ட் என்று வரம்பு அறிவிக்கப்பட்டது. 2025-இல் அதே ஆணையம் அதன் அமலாக்கத்தை 2027-க்குத் தள்ளிவைத்தது. ஒரு பாட்டி பேரனோடு பேச நினைத்ததில் தொடங்கிய கதை கால் நூற்றாண்டு தாண்டியும் முடியவில்லை.

இதற்கிடையில் சில நகரங்களும் மாநிலங்களும் தாங்களே முடிவெடுத்தன. நியூயார்க் நகரம் 2019-இல் தன் சிறைகளில் அழைப்புகளை இலவசமாக்கியது. மாநில அளவில் இதற்கு முதலில் சட்டம் இயற்றியது கனெக்டிகட். 2022-இல் அது நடப்புக்கு வந்தது. கலிபோர்னியா, மினசோட்டா, மாசசூசெட்ஸ் ஆகியவை 2023-இல் தொடர்ந்தன. குடும்பத்தோடு தொடர்பு வைத்திருக்கும் கைதி விடுதலைக்குப் பின் மறுபடி குற்றத்தில் விழுவது குறைவு என்பது அவர்கள் முன்வைத்த வாதங்களில் ஒன்று. இங்கிலாந்தில் லார்ட் ஃபார்மர் 2017-இல் அளித்த அறிக்கையும் அதையே பேசியது. குடும்பத்தார் வந்து பார்த்த கைதிகள் மறுபடி குற்றம் புரியும் வாய்ப்பு 39 விழுக்காடு குறைவு என்ற ஆய்வு முடிவை அது எடுத்துக்காட்டியது. அந்த எண்ணிக்கை நேரில் வந்து பார்ப்பதைப் பற்றியது, தொலைபேசியைப் பற்றியதன்று. நல்ல குடும்பம் அமைந்தவர்களுக்குத்தான் பார்க்கவும் ஆள் வருகிறது என்றும் ஒருவர் வாதிடலாம். இருந்தாலும் புறக்கணிக்கக்கூடிய எண்ணன்று.

கைதிகளை நடத்துவதற்கான ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் குறைந்தபட்ச விதிகள் 2015-இல் திருத்தப்பட்டு நெல்சன் மண்டேலா விதிகள் என்று பெயர் பெற்றன. அவற்றின் 58ஆவது விதி, குடும்பத்தோடும் நண்பர்களோடும் முறையான இடைவெளியில் தொடர்புகொள்ள அனுமதிக்க வேண்டும் என்கிறது. கடிதத்தோடு தொலைத்தொடர்பு, மின்னியல் வழிகளையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. குடும்பத் தொடர்பை முற்றாகத் துண்டிப்பதைத் தண்டனையாகப் பயன்படுத்தக் கூடாது என்பது 43ஆவது விதி. இவை ஒரு நாட்டைச் சட்டப்படி கட்டுப்படுத்துபவை அல்ல. ஆனாலும் மனு எழுதும்போது மேற்கோள் காட்டலாம்.

பதினைந்து நிமிடத்தில் என்ன பேசுவது

நேரம் குறைவு என்பதாலேயே பேச்சு சண்டையில் முடிகிறது. வீட்டுக் கடன், பிள்ளையின் பள்ளிக் கட்டணம், மாமியாரோடு தகராறு என்று அத்தனையும் அந்தச் சில நிமிடங்களில் கொட்டப்படும். உள்ளே இருப்பவரால் எதையும் செய்ய முடியாது. செய்ய முடியாத ஆத்திரத்தில் அவர் குரலை உயர்த்துவார், இணைப்பும் அந்த நேரம் பார்த்து அறுந்துபோகும். அடுத்த அழைப்பு வரும்வரை இரு பக்கமும் அதையே நினைத்துக்கொண்டிருக்கும். கைப்பேசிக்குப் பக்கத்தில் ஒரு தாளை வைத்து, சொல்ல வேண்டியதை அவ்வப்போது குறித்துக்கொள்ளும் பழக்கம் உதவும். பணம், மருத்துவம், வழக்கறிஞர் சந்திப்புத் தேதி ஆகியவற்றை முதல் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டால் மற்ற நேரம் அவர்களுடையது. பூனை குட்டி போட்டதையும், பக்கத்து வீட்டுத் திருமணத்தையும், சந்தையில் மீன் விலையையும் பேசலாம். உள்ளே இருப்பவருக்கு வீடு என்பது அந்தச் செய்திகள்தாம்.

கெட்ட செய்தியை மறைக்கலாமா என்பது கடினமான கேள்வி. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்ததை ஆறு மாதம் மறைத்து, பிறகு இறப்புச் செய்தியோடு சேர்த்துச் சொன்னால், அதன் பிறகு வீட்டார் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார். சொல்வதே நல்லது என்பது என் கருத்து. ஆனால் அழைப்பு முடியும் தறுவாயில் சொல்லக் கூடாது. பேச நேரம் இருக்கும்போது, முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பிள்ளைகள் விஷயம் தனி. அப்பா வெளிநாட்டில் வேலை செய்கிறார் என்று சொல்லி வளர்க்கப்படும் பிள்ளைக்கு, 'வெளிநாட்டு' அழைப்பு ஏன் சரியாக இத்தனை நிமிடத்தில் அறுந்துபோகிறது, ஏன் அப்பா ஒருமுறைகூட காணொளியில் வருவதில்லை, ஏன் தீபாவளிக்கும் வரவில்லை என்ற கேள்விகள் எழாமல் இருக்காது. உண்மையை அது பள்ளியில் இன்னொரு பிள்ளையின் வாயிலிருந்து கேட்கும். அமெரிக்காவின் புகழ்பெற்ற சிறுவர் நிகழ்ச்சியான செசமி ஸ்திரீட் 2013-இல் இதற்காகவே அலெக்ஸ் என்ற பொம்மைப் பாத்திரத்தை உருவாக்கியது. அலெக்ஸின் அப்பா சிறையில் இருக்கிறார். அதைச் சொல்லக் கூச்சப்படுகிறான், கோபப்படுகிறான், பிறகு நண்பர்களிடம் சொல்கிறான். அப்பா ஒரு விதியை மீறிவிட்டார், அதற்காக அங்கே இருக்கிறார், அதற்கு நீ காரணமில்லை, அவர் உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்ற அளவில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் சொல்ல முடியும்.

சிறு பிள்ளைகள் தொலைபேசியில் பேசமாட்டார்கள். "ம்" என்பார்கள், ஓடிவிடுவார்கள். உள்ளே இருப்பவர் அதைப் பிள்ளை தன்னை மறந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடும். பாடம் படிக்கச் சொல்வது, விடுகதை போடுவது, ஒரே கதையைத் தவணை முறையில் சொல்வது என்று ஏதாவது செய்ய வைத்தால் பிள்ளை தொலைபேசியை விட்டு நகராது.

அழைப்பு வராத வாரம்

வழக்கமான நாளில் அழைப்பு வரவில்லை என்றால் மனம் கெட்டதையே நினைக்கும். அதற்கு வேறு காரணங்கள் நிறைய உண்டு. நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயிருக்கலாம். பிரிவு முழுக்கச் சோதனை நடந்து தொலைபேசி நிறுத்தப்பட்டிருக்கலாம். கணக்கில் பணம் தீர்ந்திருக்கலாம். ஒழுங்கு நடவடிக்கையில் இருக்கலாம். வேறு சிறைக்கு மாற்றப்பட்டிருக்கலாம். மாற்றப்பட்டாலோ கடுமையான நோயோ காயமோ ஏற்பட்டாலோ குடும்பத்துக்கு உடனே தெரிவிக்கக் கைதிக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று மண்டேலா விதிகளின் 68ஆவது விதி சொல்கிறது. நடைமுறையில் பல குடும்பங்களுக்குச் சந்திக்கப் போய் வாசலில் நின்ற பிறகுதான் விஷயம் தெரியவருகிறது. ஈப்போவிலிருந்து ஜொகூர் வரை வாடகைக் கார் எடுத்துப் போய்த் திரும்பியவர்களைக் கேட்டால் தெரியும். கிளம்பும் முன் சிறை அலுவலகத்துக்கு அழைத்து, அவருடைய முழுப்பெயர், அடையாள அட்டை எண், சிறை எண் மூன்றையும் சொல்லி, அங்கேதான் இருக்கிறாரா என்று உறுதிசெய்துகொள்வது நல்லது. இம்மூன்றையும் வீட்டில் ஒருவர் மட்டும் வைத்திருக்காமல் இருவரிடம் எழுதி வையுங்கள்.

கள்ளக் கைப்பேசியும் போலிக் குரலும்

ஒருநாள் திடீரென்று புலனம் வழியாகவே உள்ளே இருப்பவர் பேசினால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். அந்தக் கைப்பேசி உள்ளே கடத்தி வரப்பட்டது. அது பிடிபட்டால் அதில் பதிவான எண்கள் அனைத்தும் விசாரணைக்குள் வரும். கைதிக்கு ஏற்படும் இழப்பு அதைவிடப் பெரிது. நம் நாட்டில் நன்னடத்தைக்காகத் தண்டனையில் மூன்றில் ஒரு பகுதி வரை கழிவு கிடைக்க வழியுண்டு. சிறைக் குற்றம் புரிந்தால் அந்தக் கழிவிலிருந்து நாள்கள் பறிபோகும். ஓர் இரவுப் பேச்சுக்காக விடுதலைத் தேதி தள்ளிப்போவது இப்படித்தான். "அந்தப் போன்ல கூப்பிடாதே" என்று சொல்லிவிட்டு வைப்பது கல்நெஞ்சமன்று.

இன்னொரு வகை, மோசடிக்காரர்களின் அழைப்பு. போலீஸ் அதிகாரி என்றோ சிறை அதிகாரி என்றோ சொல்லிக்கொண்டு, உங்கள் மகன் பிடிபட்டிருக்கிறான், இப்போதே இந்தக் கணக்குக்குப் பணம் போட்டால் விட்டுவிடுவோம் என்பார்கள். மகன் உண்மையிலேயே உள்ளே இருக்கும் வீடுகள்தாம் இதில் எளிதாக விழுகின்றன. நீதிமன்ற ஜாமீன் தொகை எந்த அதிகாரியின் சொந்த வங்கிக் கணக்குக்கும் போவதில்லை. ஜாமீன்தாரர் நேரில் போய் நீதிமன்ற நடைமுறைப்படி கட்டுகிறார், ரசீது வாங்குகிறார். அழைப்பைத் துண்டித்துவிட்டு, அவர்கள் தந்த எண்ணுக்கு அல்லாமல், நிலையத்தின் எண்ணை நீங்களே தேடி அழைத்துக் கேளுங்கள். பணம் போய்விட்டதென்றால் தாமதிக்காமல் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தை 997 என்ற எண்ணில் அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரம்தான் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்புள்ள நேரம்.

எல்லைக்கு அப்பால் இருப்பவர்கள்

வெளிநாட்டில் கைதானவர் நம் தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கேட்கலாம் என்பது தூதரக உறவுகள் பற்றிய 1963 வியன்னா ஒப்பந்தத்தின் 36ஆவது விதி. அவர் கேட்டால் அந்நாட்டு அதிகாரிகள் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். குடும்பத்துக்குத் தெரிந்தவுடன் விஸ்மா புத்ராவைத் தொடர்புகொண்டால், தூதரக அதிகாரி அவரைச் சந்திக்க அனுமதி கேட்க முடியும். சிங்கப்பூரின் சாங்கி சிறையில் இருக்கும் மலேசியர்களின் குடும்பங்களுக்கு, நேரில் சந்திப்பதும் கடிதமும் தவிர, திரையில் முகம் பார்த்துப் பேசும் தொலைச்சந்திப்பு என்ற ஏற்பாட்டையும் கேட்டுப் பார்க்கலாம். அதற்கு முன்பதிவு அவசியம். பயணச் செலவையும் ஒருநாள் சம்பளத்தையும் இழந்து அந்தச் சில நிமிடங்களுக்காகப் பாலத்தைக் கடப்பவர்கள், முன்பதிவு உறுதியான பிறகே புறப்பட வேண்டும்.

கடைசியாக வரும் அழைப்பு

மலேசியாவில் 2008-இல் பரோல் முறை அறிமுகமானது. தகுதி பெறும் கைதி, தண்டனையின் எஞ்சிய ஒரு பகுதியை வெளியே கண்காணிப்பில் கழிக்க அது வழிசெய்கிறது. வாரியம் முடிவெடுக்கும் முன், அவர் எந்த வீட்டுக்குப் போகப்போகிறார், அங்கே அவரை ஏற்றுக்கொள்வார்களா, வேலைக்கு என்ன ஏற்பாடு என்று அதிகாரிகள் குடும்பத்தாரிடம் விசாரிப்பார்கள். அந்த விசாரிப்பும் ஒரு தெரியாத எண்ணிலிருந்து, பட்டப்பகலில், வேலை நேரத்தில் வரக்கூடும். எடுக்காமல் விட்டால் வீட்டார் அக்கறை காட்டவில்லை என்று எழுதப்படலாம். எடுத்துவிட்டு, "வீட்டுல எல்லாரையும் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றால் அது தவறில்லை. ஆனால் கேட்க வேண்டியவர்களை அதற்கு முன்பே உட்கார வைத்துக் கேட்டிருப்பது நல்லது: அவர் எந்த அறையில் படுப்பார், மூத்த அண்ணன் ஒப்புக்கொள்வாரா, வாடகை வீடென்றால் வீட்டுக்காரருக்குச் சொல்வதா வேண்டாமா.

மூன்றாம் மாடி அக்காவுக்கு அந்த அழைப்பு வந்தபோது அவர் மின்தூக்கியில் இருந்தாராம். பாதியில் இணைப்பு அறுந்துபோனது. அன்று மாலை வரை கீழே கார் நிறுத்துமிடத்தில், அலைவரிசை நன்றாகக் கிடைக்கும் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். ஐந்தரைக்கு மறுபடி அழைத்தார்கள்.